ரைனோ ரிவால்வர் வீட்டுப் பாதுகாப்புக்குச் சரிவருமா? அவசரம்

புதுவரவு: சியாப்பா நிறுவனத்தின் ரைனோ ஒன்று விலைக்கு வருகிறது. கையில் எடுத்ததுமே பிடித்துவிட்டது. உதைப்பே தெரியாது என்கிறார்கள். ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொள்ளத்தான். வாங்கலாமா? நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

நிதானி: குழல் நீளம் எவ்வளவு? தோட்டா .357 மேக்னமா, 9 மி.மீ.யா? இதற்கு முன் ரிவால்வர் சுட்டிருக்கிறீர்களா? வீட்டில் குழந்தைகள் உண்டா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

சுழலி: தாராளமாக வாங்குங்கள். பெரும்பாலான ரிவால்வர்களில், தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் உச்சி அறையிலிருக்கும் தோட்டா வெடிக்கும், இதில் அடி அறையில் இருப்பது. குழல் தாழ்ந்திருப்பதால் உதை நேராக உள்ளங்கைக்கு வரும், முனை மேலே அதிகம் எகிறாது. மடேபா ரிவால்வரை வடிவமைத்த எமிலியோ கிசோனியின் மூளை இது.

மூத்தவன்: இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படிக்கக்கூடப் பொறுமை இல்லாதவருக்குத் துப்பாக்கி எதற்கு? தம்பி, ரைனோவின் பின்னால் தெரிவது ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) அல்ல. உள்ளே இருக்கும் ஹாமரை ஏற்றும் நெம்புகோல் அது, இழுத்து விட்டதும் பழைய இடத்துக்கே போய்விடும். ஹாமர் ஏறியிருப்பதைக் காட்ட மேலே ஒரு சின்னச் சிவப்புக் குச்சி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில், இருட்டில் அதைத் தேடுவீர்களா?

சுழலி: இருட்டில் எதற்கு ஐயா ஹாமரை ஏற்ற வேண்டும்? ட்ரிகரை முழுசாக இழுத்துச் சுட வேண்டியதுதானே!

நிதானி: உதைப்பு குறையாது, திசைதான் மாறும். இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும். ரைனோவில் அந்த இடுக்கு கீழே இருக்கிறது. பிஸ்டல் பழக்கத்தில் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடித்தால் விரல் வெந்து கிழிந்துவிடும்.

மூத்தவன்: அதைவிட, மூடிய அறையில் .357 வெடித்தால் காது என்ன ஆகும்?

சுழலி: அதிலேயே வேகம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா போடலாமே.

மூத்தவன்: போடலாம். அதுவும் மெல்லிய சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

சுழலி: அப்படிப் பார்த்தால் எந்தத் துப்பாக்கியும் ஆகாது. ரைனோவை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

புதுவரவு: 2 அங்குலம், .357. பக்கத்து அறையில் பையன் தூங்குவான், 6 வயது. முதலில் பூட்டுப் பெட்டி வாங்குகிறேன். அப்புறம் வருகிறேன்.

நிதானி: நல்லது. தலைமாடு வேண்டவே வேண்டாம். 2 அங்குலத்தில் .357 புதிய கைக்கு ரொம்பக் கடினம். வாங்குவதற்கு முன் .38 போட்டுச் சுட்டுப் பார்க்க முடியுமா?