சிறுமுகைப் பவானிக்கரை: மழையில்லாமல் செந்தண்ணீர் எப்படி?

ஆத்தோரம்:
சிறுமுகைப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு நீர்மருத மரத்தடிதான் எனக்குப் பிடித்த இடம். மாசியில் இலை உதிர்ந்து வெளுத்த பட்டையோடு நிற்கும், சித்திரையில் தளிர் விடும். அப்போது ஆற்றில் பாறை தெரியும். ஆனியில் இங்கே தூறல்கூட இல்லை, ஆனால் செந்தண்ணீர் வருகிறதே, எப்படிங்க?

மலையடி:
தென்மேற்குப் பருவமழைங்க. நீலகிரியின் மேற்குச் சரிவில் கொட்டுகிறது, அந்தத் தண்ணீர்தான் மண்ணோடு இங்கே வருகிறது. நாம் மலை அந்த மழையை மறைக்கும் பக்கம், நமக்கு மழை ஐப்பசியில்தான். ஆற்றில் நமக்கு மேலே இருக்கும் பில்லூர் அணை நிரம்பித் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். ஆடி முடியும்வரை பாறைக்கு இறங்காதீங்க.

ஆத்தோரம்:
சரிங்கண்ணா. கரையிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்.

கருவேலங்காடு:
வெள்ளம் வடிந்ததும் மண்கரையைக் கவனிங்க. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அதில்தான் வளை தோண்டும். பக்கத்தில் போகாதீங்க, தூரத்திலிருந்தே பாருங்க.