ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு 'ஆப்கான்' என்கிற நூல் போர்வை பின்னுகிறேன் என்றால், "இந்த வெயிலுக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மகன் ஏர்கோனை 16 டிகிரியில் வைத்துத் தூங்குகிறான், அவனுக்கு என்று சொல்லிவிடுவேன். அன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரிசை என்று வருடம் முழுக்கப் பின்னும் போர்வை ஒன்று குளிர்நாடுகளில் பிரபலம். அதை இங்கே பின்னினால் முழுப் போர்வையும் ஒரே ஆரஞ்சுதான்!

நான் குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், கற்றது யூடியூபில், அமெரிக்கப் பெண்மணிகளிடம். போன வருடம் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலப் பின்னல் புத்தகம் ஒன்று 3 வெள்ளிக்குக் கிடைத்தது. அதில் ஒரு கிரானி ஸ்குவேர் போர்வை; நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் சதுரங்களால் ஆனது. 10 சென்டிமீட்டர் சதுரங்கள், 12 வரிசை, வரிசைக்கு 15, ஆக 180. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பின்னி, கடைசியில் இணைக்க வேண்டும். நூல் அக்ரிலிக்தான். அசல் கம்பளி வாங்கினால் நமக்கு முன்னால் பூச்சி அதைத் தின்றுவிடும்.

புத்தகம் சொன்னபடியே மூலைக்கு மூலை மூன்று மூன்று 'ட்ரெபிள்' (நூலை ஊசியில் சுற்றிப் போடும் ஒரு வகைப் பின்னல்) போட்டேன். நான்கு சுற்று முடித்து அளந்தால் 14 சென்டிமீட்டர். கை தளர்வு போல என்று 4 மில்லிமீட்டர் ஊசியை வைத்துவிட்டு 3.5 எடுத்துப் பார்த்தேன். 13 வந்தது, விரலும் வலித்தது. சரி போகட்டும் என்று பழைய ஊசிக்கே திரும்பி 62 சதுரம் முடித்துவிட்டேன்.

அப்புறம்தான் கிளினிக்கில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். பிரஷர் மாத்திரைக்கு நம்பர் எடுத்துவிட்டு நான் பின்னிக்கொண்டிருக்க, எதிர் நாற்காலியிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ட்ரெபிளுக்கு எதுக்கு ரெண்டு தடவ நூலச் சுத்துற?"

"ட்ரெபிள்னா ரெண்டு சுத்துதானே பாட்டி?"

"ஒரு சுத்து. எங்க துரைசானி சொல்லிக் குடுத்தது ஒரு சுத்துதான்."

பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. செயின், டபுள், ட்ரெபிள் எல்லாம் காதால் கேட்ட சொற்கள். 14 வயதில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயா வேலை; துரைசானி என்றது அந்தத் துரையின் மனைவியை. 1948 ஜூன் 16-இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது இல்லையா, அது இன்னும் முடியாத காலம். பொழுது சாய்ந்தால் லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, விட்டு நகர முடியாது. கோதுமை மாவுச் சாக்கைத் தைத்திருந்த நூலை உருவிச் சேர்த்து, விளக்கு வெளிச்சத்தில் பின்னுவாராம். ஊசி? சைக்கிள் கம்பியின் நுனியை அரத்தால் ராவி, அப்பா செய்து கொடுத்தது. கொக்கி சரியாக ராவப்படாததால் நூல் பிரிந்து பிரிந்து வருமாம். என் அலுமினிய ஊசியை வாங்கி, கொக்கியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். இங்கிலாந்தில் அச்சிட்டது. விஷயம் இதுதான்: அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்பதை ஆங்கிலேயர் 'டபுள்' என்கிறார்கள், அமெரிக்க 'டபுள்' அங்கே 'ட்ரெபிள்', அதற்கு ஒரு சுற்றுதான். நான் போட்டதோ இரண்டு சுற்று அமெரிக்க 'ட்ரெபிள்', அதனால்தான் சதுரம் பெரிதாகிவிட்டது. இப்படியே ஒவ்வொரு பெயரும் ஒரு படி தள்ளி நிற்கும். ஒரு செய்முறையில் 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது. இதை எனக்கு யாராவது முதல் சதுரத்தில் சொல்லியிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி மாத்திரை நாள். 62 சதுரத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நல்லவேளை, பாட்டியும் வந்திருந்தார்.

"எல்லாத்தையும் பிரிக்கப் போறேன் பாட்டி."

ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார். "எதுக்குப் பிரிக்கிற? ஓட்ட பெருசா இருந்தா காத்து வரும். நம்ம ஊருக்கு இதுதாம்மா சரி."

அங்கேயே நம்பர் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். 14 சென்டிமீட்டர் என்றால் 9 வரிசை, வரிசைக்கு 11, மொத்தம் 99. இன்னும் 37 போதும். 180 பின்ன வேண்டியதே இல்லை! சதுரத்துக்கு நாலு நிறம், எட்டு நூல் முனை, அவ்வளவையும் தையல் ஊசியில் கோத்து மறைக்கும் வேலையும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

"கறுப்பு நூல் வாங்கி டபுள் போட்டு இணைச்சிரு. துரைசானி கறுப்புதான் போடுவாங்க, மத்த நிறமெல்லாம் எடுத்துக் காட்டும்" என்றார். அதற்குள் அவர் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் அறைக் கதவு வரை போனவர் திரும்பி, ஹாலே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எங்க டபுள், ஒன்னோடது இல்ல!"