வகுப்புக்குள் நடந்த "திருட்டு": சமூக அறிவியல் ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்

வரலாற்றுச் சான்றுகள் பாடத்தை வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டுத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று" என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

இந்த முறை கணக்கு டீச்சரிடம் முன்பே பேசி வைத்தேன். நான் போர்டில் எழுதும்போது அவர் உள்ளே வந்தார், மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டை எடுத்தார், ஏதோ ஒரு வரி சொன்னார், போய்விட்டார். மொத்தமே பத்து விநாடி. பிறகு, "இப்போது நடந்ததை ஐந்து நிமிடத்தில் எழுதுங்கள். பக்கத்தில் பேசக்கூடாது" என்றேன்.

தாள்களை வாசிக்க வாசிக்க வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எடுத்தது பாடப்புத்தகம் என்று சிலர், நோட்டு என்று சிலர். கதவைச் சாத்திவிட்டுப் போனார் என்று ஒருவன். கதவு திறந்தேதான் இருந்தது என்று அவன் பின்னால் இருந்தவள். டீச்சர் கோபமாக இருந்தார் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அவர் கோபப்படவே இல்லை.

அதன் பிறகுதான் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல் நடந்த லெக்சிங்டனை எடுத்தேன். 1775 ஏப்ரல் 19 விடியற்காலை, அமெரிக்கக் குடியேற்றப் படையினரும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் நேருக்கு நேர் நின்ற இடம் அது. 8 குடியேற்றக்காரர்கள் செத்தார்கள். முதல் குண்டு யாருடையது? அமெரிக்கத் தரப்பு அடுத்த சில நாட்களிலேயே சத்தியப்பிரமாண வாக்குமூலம் வாங்கி, பிரிட்டிஷார்தான் சுட்டார்கள் என்றது. பிரிட்டிஷ் அதிகாரிகளோ எதிராளிதான் முதலில் சுட்டான் என்று எழுதினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சில வரிகளைத் தமிழாக்கிக் குழுக்களுக்குக் கொடுத்தேன்.

ஒரு வாக்குமூலத்தில் பல பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், நானும் இவனும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம். ஆனா நீங்க தாள் குடுக்கறதுக்கு முன்னாடியே நாங்க பேசிக்கிட்டோம். இவங்களும் அப்படிப் பேசியிருப்பாங்களா?" என்றான். இந்தக் கேள்வியை நான் தயாரித்து வைத்திருக்கவில்லை. பதிவேட்டை எடுத்துப்போன பத்து விநாடி இல்லாவிட்டால் அவனுக்கு அது தோன்றியிருக்காது.

உங்கள் வகுப்பில் எது பிடித்துக்கொண்டது, எது சொதப்பியது? இரண்டையும் எழுதுங்கள்.

வரலாறு எடுக்கும் சார்

நான் கயிறுதான் சொல்வேன். வராந்தாவில் நீளக் கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு நூறு வருடம் என்று கணக்கு வைப்போம். எழுத்து தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பித்தால் 50 மீட்டருக்கு மேல் போகும். வராந்தா போதாது, மைதானம்தான்.

மாணவர்கள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் போய் நிற்க வேண்டும். கிசாவின் பெரிய பிரமிடு (சுமார் கி.மு. 2560) ஒரு பையனிடம், கிளியோபாட்ராவின் மறைவு (கி.மு. 30) ஒரு பெண்ணிடம், நிலவில் மனிதன் கால் வைத்தது (1969) இன்னொருவனிடம். "கிளியோபாட்ராவுக்குப் பக்கத்தில் இருப்பது யார்?" என்று கேட்டால் எல்லாரும் பிரமிடைத்தான் சொல்வார்கள். டேப் வைத்து அளக்கச் சொன்னேன். பிரமிடுக்கு ஏறக்குறைய 25 மீட்டர், நிலவுக்கு 20 மீட்டர்! மறுபடி அளந்து பார்த்தார்கள். "அப்போ கிளியோபாட்ராவுக்கே பிரமிடு பழைய காலத்துக் கட்டடமா சார்?" என்றாள் அட்டை பிடித்திருந்த பெண். "பண்டைய எகிப்து" என்று ஒரே தலைப்பில் அத்தனையையும் அடைத்து நடத்தியது எவ்வளவு தவறு என்று எனக்கும் அன்றுதான் உறைத்தது.

புவியியல் டீச்சர்

சின்னதா ஒண்ணு. சுவர்ல மாட்டியிருக்கிற மெர்கேட்டர் வரைபடத்துல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாத் தெரியும். நிஜத்துல ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரிசு. இதைச் சொல்லாம, உலக உருண்டை மேல மெல்லிய தாளை வெச்சு கிரீன்லாந்தை வரைஞ்சு வெட்டச் சொல்வேன். அதை ஆப்பிரிக்கா மேல அடுக்கி, எத்தனை கொள்ளுதுன்னு பசங்களே எண்ணுவாங்க.

"அப்போ மெர்கேட்டர் பொய் சொன்னாரா?"ன்னு கட்டாயம் ஒரு குரல் வரும். அதை விட்டுடாதீங்க. 1569-ல அவர் அதைக் கப்பல் ஓட்டறவங்களுக்காகப் போட்டார். திசைகாட்டி ஒரே திசையைக் காட்டினபடி போற பாதை அந்த வரைபடத்துல நேர்கோடா விழும். கடலுக்குச் செஞ்சதை வகுப்புச் சுவர்ல மாட்டினது நாமதான்.

பத்தாம் வகுப்பு டீச்சர்

சொதப்பியதையும் எழுதச் சொன்னீர்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1968-ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் சலுகை கொடுத்தார். பாகுபாடு எப்படி இருக்கும் என்று காட்டத்தான். அதைப் படித்துவிட்டு நானும் இரண்டு நிற டோக்கன் எடுக்கச் சொல்லி அரை நாள் நடத்தினேன். மஞ்சள் டோக்கனுக்கு முன் பெஞ்சு, நீலத்துக்குக் கடைசி பெஞ்சு, கேட்டால் ஒழியப் பேசக் கூடாது.

ஏற்கெனவே யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண் நீல டோக்கன் எடுத்தாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு விளையாடினார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அவளுக்கு அது விளையாட்டு இல்லை, தினமும் நடப்பதுதான். அன்றைக்கு டீச்சரான நானும் அதில் சேர்ந்துகொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எலியட்டின் பயிற்சியைப் பற்றியும் இதே கண்டனம் உண்டு என்று பிறகுதான் படித்தேன்.

இப்போது ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அந்தப் பாடம். மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தின் முதல் உறுப்பு, வரைவில் "எல்லா ஆண்களும்" என்றும் பொருள்படும் "all men" என்ற ஆங்கிலச் சொல்லோடுதான் இருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா வலியுறுத்தி, "மனிதர்கள் அனைவரும்" என்று மாற்ற வைத்தார். 1948 டிசம்பர் 10-ல் நிறைவேறியது அந்த வடிவம்தான். நான் பழைய வரியை மட்டும் போர்டில் எழுதி, "இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? எந்தச் சொல்லை மாற்றுவீர்கள்?" என்று கேட்பேன். ஒரு சொல்லுக்காக நாற்பது நிமிடம் சண்டை நடக்கும். யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

வரலாறு எடுக்கும் சார்

டீச்சர், இதை எழுதியதற்கு நன்றி. நடிக்க வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு முடிவெடுக்கும் பாத்திரத்தைக் கொடுக்கலாம், வலியை அனுபவிக்கும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

முதல் உலகப் போர் வெடிப்பதற்கு முந்தைய வாரங்களை, அதாவது 1914 ஜூலை நெருக்கடியை, அப்படித்தான் நடத்துகிறேன். முதல் வருடம் குழுக்களுக்கு நாட்டின் பெயரையே கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள், முதல் உலகப் போர் வரும் என்று தெரியுமே! மறு வருடம் பெயரை மறைத்து அ, ஆ, இ என்று வைத்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ரகசிய அட்டை. ஒன்றில், "கிழக்கே உள்ள நாடு முழுப் படையைத் திரட்ட ஆறு வாரமாகும். அதற்குள் மேற்கே முடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள்" என்று இருக்கும். இருபது நிமிடத்தில் போர் வந்துவிட்டது. பெயர்களைச் சொன்னதும், "நாங்க யாருமே சண்டை வேணும்னு நினைக்கலையே சார்" என்றார்கள்.

அப்போது ஒருத்தி, "கார்டை எழுதினது நீங்கதானே சார்? நீங்க வேற மாதிரி எழுதியிருந்தா போர் வந்திருக்காதே?" என்றாள். உண்மைதான். யாரும் விரும்பாமல் சறுக்கி விழுந்த போர் என்று நானே அட்டைக்குள் தீர்ப்பை எழுதி வைத்திருந்தேன். 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-வது உறுப்பு பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதில் ஒத்துப்போகவில்லை. இப்போது ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளே ஒரு அட்டையைத் திருத்தி எழுதி, ஏன் திருத்தினோம் என்று சொல்ல வேண்டும்.

புவியியல் டீச்சர்

அதே வழிதான் எனக்கும். 1854 லண்டன் காலரா, அது தண்ணி வழியாப் பரவுதுன்னு சொன்ன டாக்டர் ஜான் ஸ்னோ கதை. இறப்புகளைப் புள்ளியாப் போட்ட தெருப்படத்தைக் கொடுத்தா பசங்க சீக்கிரமே பிராட் தெரு பம்பைக் கண்டுபிடிச்சிடறாங்க. அதனால இப்ப ஒத்துவராத தகவலை முதல்ல கொடுக்கறேன். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மது தயாரிக்கிற ஆலையில தொழிலாளிங்க தப்பிச்சாங்க. ஹாம்ஸ்டெட்ல, ரொம்ப தூரத்துல, ஒரு அம்மா செத்துப்போனாங்க. ஏன்? அங்க வேலை செஞ்சவங்க குடிச்சது பெரும்பாலும் பீர். அந்த அம்மா பிராட் தெருத் தண்ணியையே வரவழைச்சுக் குடிச்சவங்க. பசங்களே இதை ஊகிச்சுச் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கும்.

செப்டம்பர் 8-ல பம்பின் கைப்பிடியைக் கழட்டினாங்க. ஆனா சாவு எண்ணிக்கை அதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சிருந்தது. அந்தத் தேதிவாரி எண்ணிக்கையையும் கையில கொடுத்துடுங்க.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்

அடுத்த வாரம் 1914-ஐ எடுக்கப் போகிறேன். சார், போர்ஷன் அழுத்தத்துக்கு நடுவில் ஒரே பீரியடில் முடியுமா?

வரலாறு எடுக்கும் சார்

முடியாது டீச்சர், இரண்டு பீரியடு ஒதுக்குங்கள். அட்டைகளை உறையில் போட்டு, ஜூலை 23, 28, ஆகஸ்ட் 1 என்று மேலே தேதி எழுதி, அந்தந்தக் கட்டத்தில் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் போர் வந்ததோடு நிறுத்திவிட்டு, நாட்டின் பெயரைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டாவது பீரியடு முழுக்கப் பேசத்தான். அதில் நோட்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.