வசைச்சொற்களுக்கு ஆண்பால் ஏன் இல்லை?

கேள்வி:
அலுவலகக் கூட்டம் ஒன்றில் நடந்தது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பிழைகளோடு ஒரு கணக்கைக் கொண்டுவந்தவரிடம், "சரிபார்க்காமல் இதை ஏன் என் மேசைக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரத்தில் வேறொரு கணக்கைப் பற்றி ஆண் அதிகாரி ஒருவரும் ஏறக்குறைய அதே சொற்களில், என்னைவிட உரத்த குரலில் கேட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அவரைக் "கறாரான மனிதர்" என்றும் என்னைச் "சரியான பஜாரி" என்றும் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. பஜாரிக்கு ஆண்பால் எது என்று வெகுநேரம் யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. அடங்காப்பிடாரிக்கும் இல்லை, வாழாவெட்டிக்கும் இல்லை. மலடன் என்ற சொல் அகராதியில் இருந்தாலும், அதைச் சொல்லி ஒருவரை யாரும் இழித்துப் பேசி நான் கேட்டதில்லை. இது மொழியின் குறையா, பேசுகிறவர்களின் குறையா? ஆண்களுக்கும் இணையான வசைகளை உருவாக்குவதுதான் வழியா?

மறுமொழி 1:
மொழியின் மீது பழி போட முடியாது என்பது என் கருத்து. ஏனெனில் சில இடங்களில் தமிழ் இருபாலுக்கும் சொல் வைத்திருந்தது. திருக்குறளின் 1311ஆம் குறளில், ஊடல் கொண்ட தலைவி தன் கணவனைப் 'பரத்த' என்று விளித்து, உன் மார்பைச் சேர மாட்டேன் என்கிறாள். பரத்தையை எல்லோரும் அறிவோம். பரத்தனை அந்தக் குறளைப் படித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். தொல்காப்பியப் புறத்திணையியலும் மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவளின் நிலையைத் தாபத நிலை என்றும் இரண்டுக்கும் பெயரிட்டே பேசுகிறது. இன்றோ விதவை என்பது எல்லோர் வாயிலும் வருகிறது, சண்டையில் வசையாகவும் வருகிறது. தபுதாரன் அகராதியோடு நின்றுவிட்டான். சொல் இருந்தது, அதைச் சொல்லி ஆணைக் குத்திக்காட்ட வேண்டிய தேவைதான் யாருக்கும் வரவில்லை.

ஒரே சொல் பால் மாறும்போது பொருளும் மாறுவதைக் கவனியுங்கள். "அவன் கெட்டுப்போய்விட்டான்" என்றால் குடியோ தீய சேர்க்கையோ நினைவுக்கு வரும், நாளைக்கே திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். "அவள் கெட்டுப்போய்விட்டாள்" என்றால் அவளது உடலைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை, திரும்பி வரும் வழியும் அடைபட்டுவிடுகிறது. பொதுமக்கள் என்பது மதிப்பான சொல். அதன் பெண்பால் ஒருமையான பொதுமகள் விலைமகளைக் குறிக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு உண்மையாகவே வலித்தது.

பிற மொழிகளும் இதற்கு விலக்கல்ல. மாஸ்டர், மிஸ்ட்ரஸ் என்னும் இணையில் முதற்சொல் ஆளுமையையும் இரண்டாவது கள்ளக் காதலையும் குறிக்கும்படி ஆனதை மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975இலேயே எடுத்துக்காட்டினார்.

மறுமொழி 2:
முழுவதும் உடன்பட இயலவில்லை. கையாலாகாதவன், தண்டச்சோறு, பெண்டாட்டிதாசன், பொட்டை என்று ஆண்களும் நாள்தோறும் இழிவுபடுத்தப்படுகிறார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளில் இவற்றுள் பலவற்றை நான் கேட்டிருக்கிறேன். அந்த வலியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறுமொழி 3:
உங்கள் வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பாதிக்காத ஆண் சோற்றுக்குத் தண்டம் என்பது கொடிய வசைதான். ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். மனைவியின் பேச்சைக் கேட்பது ஒன்றில் இழிவாகிறது. பெண்ணைப் போல் இருப்பது மற்றொன்றில் இழிவாகிறது. அதைவிடக் கொடுமை, ஓர் ஆணைத் திட்டும்போது, அந்த இடத்திலேயே இல்லாத அவன் தாயின் ஒழுக்கத்தை இழுப்பது. தெருவில் இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டாலும் அடி விழுவது எங்கோ இருக்கும் ஒரு பெண்ணின் மீதுதான்.

நான் பிரதிகளைச் செம்மையாக்கும் வேலையில் இருக்கிறேன். கற்பழிப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் பாலியல் வன்கொடுமை என்று மாற்றிவிடுகிறேன். குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்தாள் என்று சொல்லும் சொல் அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கையேடும், கற்புள்ள பெண், கெட்டுப்போன பெண் என்றெல்லாம் அடைமொழி கொடுக்காமல் பெண் என்று மட்டும் எழுதும்படி நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சொல்கிறது. ஆகவே ஆண்களுக்குப் புதிய வசைகளை உருவாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குத்தும் சொற்களின் எண்ணிக்கைதான் கூடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பரத்தனைப் பற்றி இன்றுதான் அறிந்தேன். அப்படிப் பேசியவர்களுள் ஒருவரிடம் நேற்று நேரில் கேட்டேன்: "அவரைச் சொன்ன அதே சொல்லை எனக்கும் சொல்லியிருக்கலாமே?" அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கறாரான பெண்மணி என்று சொல்லிப் பழக்கமே இல்லை" என்றார்.