மண் அமிலத்தில் கரைகிறதா, செரிக்கிறதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உலோகப் பகுப்பாய்வுக்காக மண்ணையும் ஆற்றுப்படிவையும் அமிலத்துடன் சூடாக்கும் படிநிலைக்கு 'அமிலக் கரைப்பு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் எளிமையானதுதான், ஆனால் ஆய்வகத்தார் டைஜெஷன் என்று சொல்லும் அந்த வேலையில் மண் பெரும்பாலும் முழுவதாகக் கரைவதில்லை என்பதால் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகத்தில் மண்ணைக் காய்ச்சினால், கார்பனேட்டுகளும் கரிமப் பொருளும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் உடைந்து, அவற்றோடு பிணைந்திருந்த உலோகங்கள் கரைசலுக்கு வந்துவிடுகின்றன; குவார்ட்சு முதலான சிலிகேட் மணிகளோ குழாயின் அடியில் வெளிறிக் கிடக்கின்றன. நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரசன் பெராக்சைடையும் கொண்டு சுமார் 95 பாகை செல்சியசில் செய்யப்படும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3050பி முறையும், பெரும்பாலான மாதிரிகளை முழுவதுமாகக் கரைசலாக்கும் முறை தானன்று என்று தன் உரையிலேயே சொல்லிவிடுகிறது. சிலிகேட்டை உடைக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியையே அரிப்பதால் டெஃப்ளான் கலத்தில்தான் அந்த வேலை நடக்கும்.

இந்த வேறுபாடு நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவோடு வந்து சேர்ந்த குரோமியத்தின் பெரும்பகுதி இராஜ திராவகத்துக்கு வசப்படும். பாறைக் கனிமங்களுக்குள், குறிப்பாகக் குரோமைட்டுக்குள், பூட்டப்பட்ட குரோமியம் எளிதில் வசப்படாது. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில் 'மண் அமிலத்தில் கரைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, கிடைத்த அளவை 'மொத்தக் குரோமியம்' என்று குறித்திருந்தார்கள். முதல் சொல் பிழைபட்டதால்தான் இரண்டாவதும் பிழைபட்டது என்றே கருதுகிறேன்.

'சிதைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் கதிரியக்கச் சிதைவு, கரிமச் சிதைவு என்று அந்த வேர் முன்பே பல இடங்களில் சுமை தாங்கி நிற்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'சமிபாடு' நல்ல சொல்லே. எனினும் அதிலிருந்து வினையையும் பெயரெச்சத்தையும் ஆக்குவது கடினம். எனவே 'அமிலச் செரிப்பு' என்பதையே முன்வைக்கிறேன். உண்டதில் உடலுக்கு ஆவது பிரிந்து, ஆகாதது எஞ்சுவதைச் 'செரித்தல்' என்ற சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமிலக் குழாயில் நடப்பதும் அதுவே. முழுச் செரிப்பு, பகுதிச் செரிப்பு, செரிகலம், செரிகரைசல், செரியா எச்சம் என்று அது கிளைவிடவும் செய்கிறது. செரித்தல் உயிருக்கே உரியது என்ற மறுப்பு எழக்கூடும். சோறு வேகிறது என்கிறோம், செங்கல்லும் சூளையில் வேகிறது என்கிறோம். தமிழ் வினைகள் இப்படிப் பொருள் மாறி வாழப் பழகியவை.

செரிப்புக்கு முந்தைய வேலைகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை. உலர்த்துகிறோம், சலிக்கிறோம், கல்வத்தில் அரைக்கிறோம். சித்த மருத்துவர்கள் கையாளும் கல்வத்தை விட்டுவிட்டு 'அரைப்புக் கிண்ணம்' என்று எழுதுவது வீண் உழைப்பு. அகேட் என்ற கடினக் கல்லால் ஆனதை 'அகேட் கல்வம்' என்றாலே போதும். செம்பும் துத்தநாகமும் அளக்கப்படும்போது, அவ்விரண்டாலும் ஆன பித்தளைச் சல்லடையைத் தவிர்த்து நைலான் சல்லடை கொள்வது வழக்கம் என்பதால், சல்லடையின் பொருளையும் சேர்த்தே எழுதும்படி மொழிபெயர்ப்பாளர்களை வேண்டுகிறேன்.

ஆற்றடியில் படிந்திருப்பதை 'வண்டல்' என்று பொதுவாகச் சொல்வதை மட்டும் தவிர்க்கலாம். 63 மைக்ரோமீட்டர் சல்லடையைக் கடந்துவரும் நுண்பகுதியில் களிமண் துகள்களோடு இருப்பதற்கு மண்ணியலில் வண்டல் என்றே பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொண்டால் வண்டலிலிருந்து வண்டலைப் பிரித்ததாக எழுத நேரும். முழுமைக்குப் 'படிவு' என்றும், கரைசலிலிருந்து வேதிவினையால் இறங்குவதற்கு வழக்கம்போல் 'வீழ்படிவு' என்றும் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.