அமெரிக்காவில் கட்சித் தலைமை ஒருவருக்கு சீட் மறுக்க முடியாதா?

செந்தில்_கு: தலைமைக்குப் பிடிக்காத ஆள் அதே கட்சிப் பெயரில் நின்று ஜெயித்தும் விடுகிறார். சீட் கொடுக்காமல் விட வேண்டியதுதானே? கட்சியை விட்டு நீக்கவும் முடியாதா?

வாசுகி: சீட் தலைமையின் கையில் இருந்தால்தானே மறுக்க! வேட்பாளரை முடிவு செய்வது பிரைமரி தேர்தல், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல். அதன் விதிகள் மாநிலச் சட்டத்தில் இருக்கின்றன. தேவையான கையெழுத்துகளோ கட்டணமோ சேர்த்து மனு கொடுத்தால் வாக்குச்சீட்டில் பெயர் வந்துவிடும். கட்சிக்காரர் என்பதற்கு உறுப்பினர் அட்டை, சந்தா எதுவும் தேவையில்லை. பல மாநிலங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சியைக் குறித்தால் போதும். டெக்சாஸ், வெர்ஜினியாவில் அதுவும் இல்லை. எந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுவது என்பது வாக்காளர் விருப்பம். 2014-ல் பிரதிநிதிகள் சபையின் (நாடாளுமன்றக் கீழவை) பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டரே வெர்ஜினியா பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். சபாநாயகருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் கதியே இது.

செந்தில்_கு: அப்போ கட்சி வெறும் சின்னம்தானா?

இளங்கோ_ரா: அப்படி இல்லை, பிடி வேறு இடத்தில் இருக்கிறது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கமிட்டிகளில் இடங்கள், பிரசாரப் பணம் இரண்டும் தலைமை வழியாக வருபவை. ஐயோவா மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஸ்டீவ் கிங் வெள்ளை இன மேலாதிக்கம் பற்றிப் பேசியதற்காக 2019 ஜனவரியில் குடியரசுக் கட்சியே அவருக்குக் கமிட்டி இடம் தர மறுத்தது. பதவி போகவில்லை, கட்சிப் பெயரும் போகவில்லை. ஆனால் விவசாய மாநிலத்துக்காரர் விவசாயக் கமிட்டியில் இல்லையென்றால் ஊருக்கு என்ன பயன்? 2020 பிரைமரியில் எதிராளி இதையே பிடித்துக்கொண்டார், கிங் தோற்றார்.

கொறடா சொல்லை மீறினாலும் பதவி பறிபோகாது. 2023 அக்டோபர் 3 அன்று சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை 216–210 என்று இறக்கிய வாக்கெடுப்பில் அவர் கட்சிக்காரர்கள் 8 பேர் சேர்ந்திருந்தார்கள்.

மீனா_வி: பிரைமரியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வாக்களிப்பவர் குறைவு. நிறையப் பேர் நின்றால் பல மாநிலங்களில் 30 சதவீதம் வாங்கியவர்கூட வேட்பாளராகிவிடலாம். டெக்சாஸ், ஜார்ஜியாவில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்குள் மறுதேர்தல்.

கலிபோர்னியா வழி தனி. காங்கிரஸ், மாநிலப் பதவிகளுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், முதல் இருவர் நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் போவார்கள். 2016 செனட் (மேலவை) தேர்தலில் அப்படிப் போன கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ் இருவருமே ஜனநாயகக் கட்சி. அந்த நவம்பர் வாக்குச்சீட்டில் செனட்டுக்குக் குடியரசுக் கட்சிக்காரர் பெயரே இல்லை!

வாசுகி: அதிபர் தேர்தலிலும் 1968 வரை தலைமையின் கை ஓங்கியிருந்தது. ஹியூபர்ட் ஹம்ப்ரி அந்த ஆண்டு ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமல் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். வந்த எதிர்ப்பில் 1972-க்குள் விதிகள் மாறின. இப்போது அந்தக் கட்சியில் பிரைமரியில் குறைந்தது 15 சதவீதம் வாங்கினால்தான் மாநாட்டில் ஒருவருக்காக ஓட்டுப் போடும் பிரதிநிதிகள் கிடைப்பார்கள்.