பக்கத்து வீட்டுப் பூனைகளுக்குக் கழிப்பறை என் கீரைப் பாத்திதான், என்ன செய்யலாம்?

கிணற்றடி_கீரை எழுதியது:

வணக்கம். எனக்கு ஸ்ரீரங்கத்தில் தனி வீடு. கொல்லையில் கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் மூன்று பாத்தி கட்டி அரைக்கீரை, தண்டுக்கீரை, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றி விதைக்கிறேன். மண் காவிரி வண்டல், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். இதுநாள் வரை அதில் எனக்குப் பெருமைதான்.

பக்கத்து வீட்டு மாமி மூன்று பூனை வளர்க்கிறார். வளர்க்கிறார் என்றால் காலையில் பால்சோறு வைப்பதோடு சரி, மீதி காரியமெல்லாம் அவை என் கொல்லையில்தான் முடிக்கின்றன. விதை தூவிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி நடுவில் தோண்டி, மூடி, மேடு தட்டி வைத்திருக்கும். போன மாதம் இரண்டு முறை விதைத்தது வீண். களை எடுக்கக் கையை விட்டால் என்ன தட்டுப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமியோடு 20 வருடப் பழக்கம், இதற்காகச் சண்டை போட மனம் வரவில்லை. பூனைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இதற்கிடையில் மருமகள் நான்கு மாத கர்ப்பம், பூனைக் கழிவு கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைத்ததில் அவள் கொல்லைப் பக்கமே வருவதில்லை, நான் சமைக்கும் கீரையையும் தொடுவதில்லை. மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன், இரண்டு நாளில் தண்ணீரோடு போய்விட்டது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

வேலிக்கால்_வேலு எழுதியது:

பாத்தியைச் சுற்றி அந்துருண்டை போடுங்கள் சார், ஓரத்தில் பினாயில் தெளியுங்கள். வாசனைக்கே ஓடிவிடும். எங்கள் தெருவில் நீலம் கரைத்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றி வாசலில் வைக்கிறார்கள், அதுவும் செய்து பார்க்கலாம்.

நாலுகால்_தோழி எழுதியது:

வேலு அண்ணா, தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பினாயில் மாதிரியான சாமான்களைச் செரித்து வெளியே தள்ளும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. அது பினாயிலைக் குடிக்கக்கூட வேண்டாம், மிதித்துவிட்டு வழக்கம்போலப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அது போக, நீங்கள் பறித்துத் தின்னப்போகும் கீரை மண்ணில் இரண்டையும் எதற்குக் கொட்ட வேண்டும்? மிளகாய்த்தூளும் இதே கதைதான், பாதத்தில் ஒட்டியது முகம் துடைக்கும்போது கண்ணுக்குப் போகும். விஷம் வைப்பதெல்லாம் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. நீலத் தண்ணீரால் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. அந்த பாட்டிலில் முதுகைத் தேய்க்கும் நாயைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மருமகள் விஷயம். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் கீரையையே ஒதுக்கும் அளவுக்கு இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை மாதிரியான கருக்களை உண்டாக்கும். எலி, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கு இது வரும், வந்த பிறகும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் கழிவில் வெளியேறும். வெளியே வந்த உடனே அது தொற்றாது, 1 முதல் 5 நாள் ஆக வேண்டும். ஆனால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் கழிவை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மண் வேலை நீங்கள் பாருங்கள், கையுறை போட்டு. வேகவைத்த கீரையில் பயமில்லை. பச்சையாக அரைக்கும் கொத்தமல்லிச் சட்னி மட்டும் அவருக்கு இப்போது வேண்டாம், குறைந்தது உங்கள் பாத்தியில் பறித்தது வேண்டாம். அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை எழுதுவார்.

இன்னொன்று, மாமியின் பூனைகளில் பெட்டை இருந்தால் கருத்தடை செய்யச் சொல்லுங்கள். சினைக்காலமே இரண்டு மாதம்தான், குட்டி பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகும். மூன்று ஒன்பதாக ஒரு வருடம்கூட ஆகாது.

மாடிமேல்_மண் எழுதியது:

தோழி சொன்னதெல்லாம் சரி. பாத்தியைக் காப்பாற்றுவது பற்றி நான் சொல்கிறேன், மாடித்தோட்டத்தில் நாலு வருடம் பட்ட பாடு.

பூனைக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. காய்ந்து, கிளறி, பொலபொலவென்று, மேலே செடி இல்லாமல் இருக்கும் மண் எங்கே என்று தேடுகிறது, நீங்கள் விதைப்புக்கு அதையேதான் தயார் செய்து வைக்கிறீர்கள். பூனையை விரட்டுவதைவிட மண்ணை அதற்குப் பிடிக்காமல் ஆக்குவது சுலபம். காலையில் தண்ணீர் விடுகிறவராக இருந்தால் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், ராத்திரி மண் ஈரமாக இருந்தால் பாதி தொல்லை குறையும்.

விதைத்த உடனே ஒரு அங்குலக் கண் உள்ள கோழி வலையைப் பாத்தி மேல் படுக்கப் போட்டு, ஓரங்களை மடித்து மண்ணில் புதைத்து, நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். நகத்துக்குக் கம்பி தட்டுப்பட்டால் பூனை தோண்டாது, காயமும் படாது. நாற்று கண் வழியாகத் தானே மேலே வரும். இதில் நான் செய்த தப்பு, தண்டுக்கீரை பாத்தியில் வலையை எடுக்க மறந்துவிட்டேன், தண்டு பருத்து, பறிக்கும்போது ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டியதாயிற்று, பாதி முறிந்தது. நாற்று மூன்று அங்குலம் வந்ததும் வலையைத் தூக்கிவிடுங்கள். வலைக்கு முன்னால் பழைய புடவை விரித்துப் பார்த்தேன், பூனை அதில் படுத்துத் தூங்கியது.

பயிர்த் தேர்விலும் கொஞ்சம் இருக்கிறது. தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கினால் பாத்தி மொட்டையாகிவிடும், அன்று ராத்திரியே வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், மண் வெளியே தெரியாது, அதில் பூனை இறங்கவே இறங்காது. தொட்டிகளில் என்றால் தேங்காய் ஓட்டுச் சில்லையோ கூழாங்கல்லையோ மேலே நெருக்கி அடுக்குங்கள். முன்பு கிளறிய இடத்தில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட வேண்டும், வாசனை இருந்தால் திரும்ப அங்கேதான் வரும். ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள், இரண்டு நாள் வேலை செய்யும், காய்ந்தால் அவ்வளவுதான்.

கொல்லைக்காரன் எழுதியது:

எல்லாரும் விரட்டத்தான் சொல்கிறீர்கள். அது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கொல்லை மூலையில், முடிந்தால் மாமி வீட்டு மதிலை ஒட்டி, இரண்டடிக்கு மூன்றடி செங்கல் கட்டி மணல் கொட்டி வையுங்கள். நிழலாக, மழை நனையாமல் இருக்கட்டும். தினமும் கரண்டியால் அள்ளி எடுத்தால் போதும். அள்ளாமல் விட்டால் திரும்ப உங்கள் பாத்திக்கு வந்துவிடும், அழுக்கில் போகாது.

அப்புறம் உங்கள் கொல்லையில் குப்பைமேனி இருக்கிறதா? எங்கள் ஊரில் அதற்குப் பூனைவணங்கி என்றே பேர். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதில் உருண்டு புரளும். களை எடுத்துப் பாத்தி ஓரத்திலேயே குவித்தால் நீங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அந்த வேரைக் கொண்டுபோய் மணல் பக்கத்தில் போடுங்கள்.

வேலிக்கால்_வேலு எழுதியது:

பினாயில் விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். குப்பைமேனி இப்படி என்று இன்றுதான் தெரியும், எங்கள் வாசலில் காடாகக் கிடக்கிறது.

கிணற்றடி_கீரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. குப்பைமேனி இருந்தது, அதுவும் களை எடுத்துப் பாத்தி தலைமாட்டிலேயே குவித்து வைத்திருந்தேன்! வலை போட்ட இரண்டு பாத்தியில் அரைக்கீரை நன்றாக வந்திருக்கிறது. வலை பற்றாமல் விட்ட கொத்தமல்லிப் பாத்தியை மட்டும் கிளறிவிட்டன, அதற்கும் வலை வாங்க வேண்டும்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தயங்கினேன். குறை சொல்வதாக ஆரம்பிக்காமல், மருமகள் மாசமாக இருக்கிறாள், மணல் தொட்டி ஒன்று கட்டப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவரே ஆள் விட்டு அரை மூட்டை மணல் அனுப்பினார், தினமும் அள்ளுவது தன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். பெட்டை ஒன்றுதானாம், கருத்தடைக்கு அடுத்த வாரம் அழைத்துப் போகிறோம், கூடை என்னுடையது. மருமகளுக்கு டாக்டரும் தோழி சொன்னதையேதான் சொன்னார், நேற்று கீரை மசியல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு சிக்கல். குப்பைமேனி வேரை மணல் பக்கம் போட்டதில் தெருமுனைக் கடுவன் ஒன்றும் சேர்ந்துகொண்டது. இப்போது நான்கு.